தொண்டை கட்டிய வாரத்தின் ஓட்டம்

விசில் டீச்சர் என்று பிள்ளைகள் வைத்த பெயர் அவளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. விசில் கழுத்தில் கயிற்றோடு தொங்கும். அதை எடுத்து வாயில் வைப்பதற்குள் குரல் முந்திக்கொண்டுவிடும். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒருத்தி ஷூ கயிற்றைக் கட்டாமல் நின்றால், இந்தக் கோடியிலிருந்து ஒரு சத்தம் போதும். அவள் கட்டிக்கொள்வாள். மூன்றாவது மாடியில் வேதியியல் வகுப்பில் உட்கார்ந்திருப்பவளும் ஒருமுறை குனிந்து தன் காலைப் பார்த்துக்கொள்வாள்.

அந்தக் குரல் பயிற்சியால் வந்ததல்ல. அவள் வளர்ந்தது மரம் அறுக்கும் மில்லுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில். ரம்பம் ஓடும் நேரமெல்லாம், குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கும் கத்த வேண்டும். அம்மா கத்தினாள், அப்பா கத்தினார், அண்ணன்கள் கத்தினார்கள். அது சண்டை இல்லை, சாதாரணப் பேச்சு. கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரத்தில், கூட இருந்த பெண் அழுதுகொண்டே வார்டனிடம் போய், இவள் தன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள் என்று புகார் சொன்னாள். சோப்பு இருக்கிறதா என்றுதான் இவள் கேட்டிருந்தாள்.

கல்லூரியில் தடை தாண்டி ஓடினாள். நன்றாகவே ஓடினாள், கணுக்கால் பிசகும்வரை. பிறகு உடற்கல்வியில் பட்டம், இந்தப் பெண்கள் பள்ளியில் வேலை, லிஃப்ட் மெக்கானிக் ஒருவரோடு கல்யாணம். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, பெரிய ஆர்ப்பாட்டமில்லாமல் நடந்தன. நாத்தனாரும் அவர்களோடுதான் இருந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து, அண்ணி பேசும்போது மட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது போல நடிப்பாள்.

ஆராய்ச்சி என்று ஒன்றில் அவள் இறங்கியதற்குக் காரணம் படிப்பு ஆசை மட்டுமில்லை. பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் காலை முதல் பீரியட் மைதானத்தில் நடக்கும். தேர்ச்சி விகிதம் சரிந்துகொண்டே வந்ததால், ஆண்டின் பிற்பாதியிலிருந்து அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. தலைமையாசிரியை கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். விசில் டீச்சர் போய் நின்றபோது கதவைச் சாத்தச் சொல்லவில்லை. சாத்தியும் பயனில்லை என்று அவருக்குத் தெரியும்.

"பிள்ளைங்க சுறுசுறுப்பா இருப்பாங்க, மனசு நல்லா இருக்கும், இதெல்லாம் எனக்கும் தெரியும் டீச்சர்," என்றார். "ஸ்கூல் கமிட்டியில நான் அதைச் சொன்னா சிரிப்பாங்க. எனக்கு எண்ணைக் கொடுங்க. பீரியட் இருக்கறதால என்ன ஆகுது, இல்லாட்டி என்ன ஆகுது, அதை எண்ணுல காட்டுங்க. அப்புறம் உங்க பீரியடை யாரும் தொட மாட்டாங்க."

பகுதி நேர முனைவர் பட்டத்துக்கு அவள் ஏற்கெனவே பதிந்திருந்தாள். தலைப்பு கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தவளுக்குத் தலைப்பு வீடு தேடி வந்தது.

ஏற்பாடு எளிமையானது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். ஏ பிரிவுக்கு மூன்று மாதம் தினமும் காலையில் முறையான பயிற்சி: தாவல், குறுக்கோட்டம், ஒற்றைக் காலில் நிற்பது, திசை மாற்றி ஓடுவது. பி பிரிவுக்கு அந்த மூன்று மாதமும் முதல் பீரியட் கணக்கு. வாரத்தில் ஒருநாள் மட்டும் பந்து. தொடங்குவதற்கு முன்னால் இரண்டு பிரிவுகளையும் சோதிப்பது, முடிந்த பிறகு மறுபடி சோதிப்பது. நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தாண்டுகிறாள்? விழும் குச்சியை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறாள்? கடைசியாக, எல்லோரும் பயப்படும் பீப் ஓட்டம். எதிரெதிரே இரண்டு கோடுகள். ஒலிபெருக்கியிலிருந்து பீப் வருவதற்குள் மறுகோட்டைத் தொட்டுவிட வேண்டும். போகப் போகப் பீப்புகள் நெருங்கிவரும். இரண்டு முறை தவறவிட்டால் வெளியே. கடைசியாக நிற்பவளுக்கு மூச்சும் இருக்காது, முகமும் இருக்காது.

கணக்கு சார் இதையெல்லாம் வேடிக்கை பார்த்தார். பீரியட் கைக்கு வந்தால் ஆதாயம் அவருக்குத்தான். அதை அவர் மறைக்கவுமில்லை. "எனக்குக் கொடுத்தா அதுல பாதி நேரம் அவங்களைத் தூங்க விட்டுடுவேன் டீச்சர்," என்பார். "தூக்கமும் உடம்புக்குப் பயிற்சிதானே?"

மூன்று மாதம் கழித்து வந்த முடிவைப் பார்த்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாண்டுவதில் ஏ பிரிவு கொஞ்சம் முன்னேறியிருந்தது. குச்சி பிடிப்பதில் யாரும் அசையவில்லை. பீப் ஓட்டத்தில் மட்டும் இரண்டு பிரிவுகளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஏ பிரிவு எங்கேயோ போயிருந்தது. பி பிரிவோ தொடங்கிய இடத்தைவிடப் பின்னுக்கு வந்திருந்தது. பயிற்சி இல்லாவிட்டால் வளரும் வயதுப் பிள்ளைகள்கூடச் சரிந்துபோகிறார்கள் என்று அவள் ஒரு முழுப் பக்கம் எழுதினாள். அந்தப் பக்கத்தைத் தலைமையாசிரியையிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை படித்தார். "இது போதும்," என்றார்.

பீரியட் தப்பித்துவிட்டது என்றுதான் அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போனாள்.

உறுத்தல் ஒரு பெண்ணின் ரூபத்தில் வந்தது. பி பிரிவில் நெட்டையாக ஒருத்தி. கொக்கு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முதல் சோதனையில் இரண்டு பிரிவுகளிலும் அவள்தான் கடைசிவரை ஓடினாள். இரண்டாவது சோதனையில் பாதியிலேயே நின்றிருந்தாள். காய்ச்சலோ என்னவோ, காய்ச்சலென்றால் அவளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும், அது ஒரு சின்ன வேலை. அப்படி நினைத்துத்தான் விசில் டீச்சர் அவளைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அன்னைக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்ல மிஸ். நல்லாத்தான் இருந்தேன்."

"பின்னே ஏன் பாதியில நின்னே? முதல் தடவை என்னமா ஓடினே."

கொக்கு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். "சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நீங்க எங்களுக்கு ஒண்ணுமே சொல்லல மிஸ். முதல் தடவை பக்கத்துலயே ஓடி வந்து, விடாதே விடாதேன்னு கத்தினீங்க. அன்னைக்கு மரம் மாதிரி நின்னீங்க. எங்க மேல ஏதோ கோவம்னு நெனச்சோம். ஏ செக்ஷன்தானே உங்க செல்லம். சரி, ஓடி என்ன ஆகப்போகுதுன்னு ஒவ்வொருத்தியா நின்னுட்டோம்."

"எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுடி."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்? நீங்கதான் பேசவே இல்லையே."

அவளை அனுப்பிவிட்டு விசில் டீச்சர் வலைப் பையின் மேல் உட்கார்ந்தாள். அந்த வாரத்தை நாள் நாளாக எண்ணிப் பார்த்தாள்.

ஆண்டு விளையாட்டுப் போட்டி நடந்த அன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கத்தியதில் குரல் சுத்தமாகப் போயிருந்தது. மூன்று நாள் வாயைத் திறக்கக்கூடாது என்று நாத்தனார் மாத்திரையோடு உத்தரவும் கொடுத்தாள். வீட்டில் ரேடியோவை நிறுத்தியது போல் இருக்கிறது என்று கணவர் ஆனந்தப்பட்டார். அந்த மௌன நாட்களில் ஒன்றில்தான் பி பிரிவுக்குச் சோதனை. ஒலிபெருக்கியில் பீப் வருகிறது, கோடு போட்டிருக்கிறது, இதில் குரலுக்கு என்ன வேலை என்று அவள் சோதனையைத் தள்ளிப்போடவில்லை. அடுத்த வாரம் ஏ பிரிவு ஓடியபோது குரல் திரும்பியிருந்தது. திரும்பிய சந்தோஷத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவே கத்தியிருப்பாள். ஏ பிரிவில் வாதாடியே வக்கீல் என்று பெயரெடுத்த குள்ளப் பெண் ஒருத்தி, முகம் வெளுத்துப்போன பிறகும் கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓடியது அவள் நினைவில் இருந்தது. ஒவ்வொரு பீப்புக்கும் இவள் அந்தப் பெண்ணின் பட்டப்பெயரைச் சொல்லித்தான் அலறியிருந்தாள்.

எண்கள் பொய் இல்லை. ஓடியது நிஜம், எண்ணியது நிஜம். ஆனால் அந்தப் பெரிய வித்தியாசம் மூன்று மாதப் பயிற்சியால் வந்ததா, தன் தொண்டையால் வந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அளக்கப் போன இடத்தில் அவள் தன்னையே அளந்துவிட்டு வந்திருந்தாள்.

வீட்டில் சொன்னபோது நாத்தனாருக்குத்தான் முதலில் முகம் சுருங்கியது. "அப்ப நான்தான் உங்க ஆராய்ச்சியைக் கெடுத்தேனா அண்ணி?" என்றாள். பிறகு யோசித்து, வாயை மூடச் சொன்னதற்காக உலகத்தில் யாரும் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள் என்றாள். கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருந்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"கொக்குக்குத் தெரியும்."

"தனக்குத் தெரியும்ங்கறது அவளுக்கே தெரியாதே," என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. மூச்சு விடாமல் இருந்தால் பீரியட் இருக்கும், பட்டமும் கிடைக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை. வழிகாட்டிப் பேராசிரியரும் ஃபோனில் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். ஆய்வின் குறைபாடுகள் என்று கடைசியில் ஒரு பகுதி வருமே, அதில் ஊக்கக் குரல் சீராக இல்லை என்று ஒரு வரி போட்டுவிடச் சொன்னார். அந்தப் பகுதியைத் தன் வாழ்நாளில் யாரும் படித்து அவர் பார்த்ததில்லையாம்.

இரண்டு நாள் அவள் அந்த ஒரு வரியை எழுதிப் பார்த்தாள். எப்படி எழுதினாலும் அது அவள் எழுதிய அந்த முழுப் பக்கத்தைப் பார்த்துக் கேலி செய்வது போல் இருந்தது. மூன்றாவது நாள் தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். உள்ளே வந்ததும் தானே கதவைச் சாத்தினாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப நீங்க கொடுத்த எண் தப்பா?"

"தப்பு இல்ல மேடம். அது எதோட எண்ணுன்னுதான் தெரியல."

"கமிட்டி தலைவர்கிட்ட நான் பேசிட்டேன், தெரியும்ல?"

அவளுக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு நாள் தூங்கவில்லை. அதைச் சொல்லாமல், இரண்டு பிரிவுகளையும் இன்னொரு முறை ஓடவிட ஒரே ஒரு காலை மட்டும் வேண்டும் என்று கேட்டாள். தேர்வுகள் நெருங்கிக்கொண்டிருந்தன. கொடுக்க முடியாது என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் நாட்காட்டியைப் பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து நடக்கப்போகும் புதிய கால அட்டவணை வியாழக்கிழமை மத்தியானம் அச்சுக்குப் போகிறது. வியாழன் காலை எடுத்துக்கொள்ளுங்கள், மத்தியானத்துக்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும், எந்தப் பதிலாக இருந்தாலும் அதன்படிதான் அட்டவணை போகும் என்று சொல்லிவிட்டார்.

எண்ணுவதற்கு அவள் கணக்கு சாரைக் கேட்டாள். அவர் புருவத்தைத் தூக்கினார்.

"என்னையா? நான் ஏ செக்ஷனுக்கு ரெண்டு குறைச்சு எண்ணினா?"

"எண்ண மாட்டீங்க. அப்படி எண்ணினாலும், எனக்கு வேண்டியவங்க எண்ணினாங்கன்னு யாரும் சொல்ல முடியாது."

அவருக்கு அது பிடித்திருந்தது. அந்த உற்சாகத்தில் ஒரு குறுக்கு வழியும் சொன்னார். ஏ பிரிவை மறுபடி ஓடவைத்து எதற்கு வதைக்க வேண்டும்? பி பிரிவை மட்டும் ஓடவிட்டு, அன்றைக்குக் கத்தாத கத்தலை இன்றைக்குக் கத்திவிட்டால் கணக்கு நேராகிவிடாதா?

அவளும் அதை யோசித்திருந்தாள். "முடியாது சார்," என்றாள். "இப்ப எனக்கு விஷயம் தெரியும். பி செக்ஷனுக்கு நான் அதே மாதிரி கத்துவேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அவங்க ஜெயிச்சா எனக்கு நஷ்டம். மனசு ஒரு பக்கம் இழுக்கும்போது தொண்டை நேரா இருக்குமா?"

வியாழக்கிழமை காலை இரண்டு பிரிவுகளும் கலந்து நின்றன; ஏ பிரிவில் ஒருத்தி, பி பிரிவில் ஒருத்தி என்று மாறி மாறி, ஒரே வெயில், ஒரே நேரம். யாரும் யாரையும் கூப்பிடக்கூடாது, கை தட்டக்கூடாது, நின்றவர்கள் சத்தமில்லாமல் சுவர் ஓரம் போய் உட்கார வேண்டும். டீச்சரும் பேச மாட்டாள், அது கோபத்தால் அல்ல என்பதை மட்டும் இரண்டு பிரிவுகளுக்கும் ஒரே வாக்கியத்தில் சொன்னாள். பிறகு அவள் போய் நிற்க வேண்டிய இடம் எது என்பதில் சிக்கல் வந்தது. வாயை மூடலாம், முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வக்கீல் தள்ளாடும்போது தன் கண் தன் பேச்சைக் கேட்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. யாராவது விழுந்து அடிபட்டால் மட்டும் கூப்பிடுங்கள் என்று கணக்கு சாரிடம் சொல்லிவிட்டு, சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே ரப்பர் வாடை. காற்றுப் போன பந்துகள் ஒரு மூலையில் தொப்பையும் தொந்தியுமாகக் கிடந்தன. ஜன்னல் தலைக்கு மேலே, கம்பி போட்டு, வானம் மட்டும் தெரியும்படி இருந்தது. முதல் பீப் வந்தது. பிறகு கால்கள்.

ஆரம்பத்தில் அது மழை மாதிரிதான் கேட்டது. எல்லாக் கால்களும் சேர்ந்து ஒரு பக்கம் கொட்டி, நின்று, மறுபக்கம் கொட்டின. பீப்புகள் நெருங்கின. ஓசை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது; யாரோ நிற்கிறார்கள், யார் என்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் மைதானத்தைக் காதால் கேட்டதில்லை. குரல் போயிருந்த அன்றைக்கும் கண்ணால் பார்த்தாளே தவிரக் கேட்கவில்லை. ஒருத்தியின் மூச்சு சுவரைத் தாண்டி வந்தது. இரண்டு அடிகள் தப்பாக விழுந்தன. இப்போது ஒரு சத்தம் கொடுத்தால் அவள் இன்னும் நான்கு கோடு ஓடுவாள். விசில் டீச்சர் தன் கையைப் பற்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. தலைமையாசிரியை. மைதானத்தில் தேடிவிட்டு வந்திருக்கிறார் போலும். ஒளிந்துகொண்டிருப்பதற்குக் காரணம் கேட்க வாயைத் திறந்தவர், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து மெதுவாகக் கதவைச் சாத்தினார். இரண்டு பேரும் பந்துகளுக்கு நடுவே நின்றார்கள்.

தொப்பென்று ஒரு சத்தம். யாரோ விழுந்துவிட்டார்கள். விசில் டீச்சரின் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. கணக்கு சார் கூப்பிடவில்லை. பீப். ஒரு வினாடி மற்றவர்களின் கால்கள் மட்டும் கேட்டன. பிறகு சிராய்ப்பும் கோபமுமாக, ஒரு ஜோடிக் கால்கள் மறுபடி ஓடத் தொடங்கின. ஏ பிரிவா பி பிரிவா? எந்தப் பிரிவாக இருக்க வேண்டும் என்று தான் ஆசைப்படுகிறோம் என்பதைக்கூட அவள் அந்த நேரத்தில் நினைக்காமலிருக்கப் பார்த்தாள்.

"எனக்கே கத்தணும் போல இருக்கு," என்று தலைமையாசிரியை அவள் காதோரம் சொன்னார்.

கடைசியில் இரண்டு பேர் மட்டும் ஓடினார்கள். பிறகு ஒருத்தி. பிறகு பீப் மட்டும் வந்துகொண்டிருந்தது, யாரோ அதை நிறுத்தும்வரை.

ஆசிரியர் அறையில் அவளும் கணக்கு சாரும் கணினிக்கு முன் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். அவர் எண்களை வாசித்தார், அவள் பதிந்தாள். பிறகு இடம் மாறி உட்கார்ந்து, அவள் வாசிக்க அவர் சரிபார்த்தார். பி பிரிவு போன தடவையைவிட நன்றாகவே ஓடியிருந்தது. டீச்சருக்குக் கோபமில்லை என்று தெரிந்ததே போதுமாக இருந்திருக்கும். ஏ பிரிவு தன் பழைய உயரத்திலிருந்து இறங்கியிருந்தது. இன்னமும் ஏ பிரிவுதான் முன்னால். ஆனால் மலையும் இல்லை, மடுவும் இல்லை. ஒரு சின்ன மேடு. அவ்வளவு மேடு தற்செயலாகவும் வரலாம் என்று கணினி சொன்னது. கணக்கு சார் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். அதையேதான் சொன்னது. அவர் கேலி எதுவும் செய்யவில்லை, அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

தலைமையாசிரியை மேசைமேல் அட்டவணையை விரித்து வைத்திருந்தார். முதல் பீரியட் கட்டங்கள் பென்சிலில் இருந்தன. பதிலைக் கேட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"அப்படின்னா உங்க குரல்லதான் எல்லாம் இருக்குன்னு ஆகுது. வாரத்துல ஒருநாள் பந்து விளையாடும்போது நீங்க ரெண்டு சத்தம் போட்டாப் போதுமே. தினமும் பீரியட் எதுக்கு?"

இது அவள் எதிர்பார்த்திராத அடி. கணக்கு சார் சுவரில் இருந்த படத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குரல் அன்னைக்கு ஒருநாள் ஓட வைக்கும் மேடம்," என்றாள். தன் குரல் இவ்வளவு தணிவாக வரும் என்று அவளுக்கே தெரியாது. "உடம்புல அது ஒண்ணும் சேர்த்து வைக்காது. நின்ன இடத்துல தாண்டறதுல நான் யாருக்கும் வாயே திறக்கல, ரெண்டு தடவையும். ஒவ்வொருத்தியா வந்து தாண்டிட்டுப் போனாங்க. அங்க ஏ செக்ஷன் நிச்சயமா முன்னேறியிருக்கு. அது பயிற்சியால வந்தது. குச்சி பிடிக்கிறதுல ஒண்ணும் ஆகல. ஓட்டத்துல எவ்வளவு பயிற்சி, எவ்வளவு நான்னு இப்ப என்னால சொல்ல முடியாது. சொல்லணும்னா இன்னும் ஒரு வருஷம் வேணும்."

"இன்னும் ஒரு வருஷம் பி பிரிவு சும்மா உக்காரணுமா?"

"வேண்டாம் மேடம். ரெண்டு பிரிவும் மைதானத்துக்கு வரட்டும். ஒரு பிரிவு ஓடிப் பழகட்டும், இன்னொண்ணு தாவிப் பழகட்டும். எது எதைக் கொடுக்குதுன்னு அப்ப பாக்கலாம்."

தலைமையாசிரியை கணக்கு சாரின் பக்கம் திரும்பினார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"அஞ்சு நாளும் கொடுத்தா நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன் மேடம்," என்றார் அவர். "ரெண்டு நாள் கொடுத்தா அழவும் மாட்டேன்."

பென்சில் கட்டங்களின் மேல் நகர்ந்தது. திங்கள், புதன், வெள்ளி மைதானம், இரண்டு பிரிவுகளும் சேர்ந்து. செவ்வாய், வியாழன் கணக்கு. ஒரு ஆண்டுக்கு மட்டும். அதற்கப்புறம் மறுபடி எண் வேண்டும், இந்த முறை எதனுடைய எண் என்று தெரிந்த எண்ணாக வேண்டும். கமிட்டி தலைவரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

படியிறங்கும்போது விசில் டீச்சர் வேண்டாமென்று தள்ளியும் கணக்கு வந்துகொண்டே இருந்தது. போன வாரம் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் ஐந்து நாளும் அவளுடையது. வாழ்க்கையில் முதல் முறையாகப் பேசாமல் இருந்ததற்கு ஒரு தண்டனை. அதைப் பற்றிப் பேசியதற்கு இன்னொன்று.

செய்தி அவளுக்கு முன்னால் வகுப்புக்குப் போயிருந்தது. ஏ பிரிவில் நுழைந்தபோது வழக்கமான இரைச்சல் இல்லை. வக்கீல் முழங்காலில் பஞ்சு ஒட்டியபடி உட்கார்ந்திருந்தாள். விழுந்தவள் அவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. எழுந்து நின்றாள்.

"மூணு மாசம் தினமும் வந்தது நாங்க. இப்ப எங்களுக்கு ரெண்டு நாள் போச்சு. பி செக்ஷன் சும்மா உள்ள வந்துட்டாங்க. இது என்ன நியாயம் மிஸ்?"

இதில் நியாயம் எதுவும் இல்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. அதையே சொன்னாள்.

"முன்னாடி நாங்க ஓடினமே, அது கணக்குல இல்லையா? அது பொய்யா?"

"பொய் இல்ல. நீங்க ஓடினது ஓடினதுதான். என் ஆராய்ச்சிப் புத்தகத்துல அதுவும் இருக்கும், இன்னைக்கு ஓடினதுக்குப் பக்கத்துலயே. ஏன் அப்படி ஓடினீங்கன்னுதான் எனக்குத் தெரியல."

"நீங்க கத்தினீங்க, ஓடினோம்," என்றாள் வக்கீல். "இதுல தெரியாம போறதுக்கு என்ன இருக்கு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கதவோரம் நிழலாடியது. கொக்கும் அவளுக்குப் பின்னால் பி பிரிவில் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். திங்கட்கிழமை தாங்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டுப்போக வந்திருந்தார்கள்.

"எங்க கோட்டுல நிக்காதீங்க," என்றாள் வக்கீல் உடனே.

"கோடு உங்க வீட்டுதா?"

விசில் டீச்சருக்கு மைதானத்தின் அளவு அப்போதுதான் உறைத்தது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மைதானம் அது. காலையில் எல்லோரும் ஒரே திசையில் ஓடியதற்கே கடைசி வரிசை சுவரில் உரசியிருக்கும். ஒரு பிரிவு ஓட, இன்னொன்று தாவினால் மூச்சு விடவும் முறை வைக்க வேண்டியிருக்கும். அதை யோசிக்காமலேயே மேடத்திடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

விசில் டீச்சர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் மைதானத்தை வரைந்தாள். தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம், படிக்கட்டு ஒரு பக்கம். நீளவாக்கில் ஒரு கோடு போட்டாள். அப்படிப் பிரித்தால் தாவுகிறவர்களுக்கு இடம் போதாது என்று கொக்கு உள்ளே வந்து சொன்னாள். குறுக்குவாக்கில் போட்டால் ஓடுகிறவர்கள் தொட்டியில் போய் முட்டுவார்கள் என்று வக்கீல் நொண்டிக்கொண்டே பலகைக்கு வந்து இன்னொரு சாக்பீஸை எடுத்தாள். அடுத்த பாடத்துக்கு மணி அடித்தபோது பலகையில் மூன்று மைதானங்கள் இருந்தன. மூன்றிலும் ஏதோ ஒரு பிரிவுக்கு இடம் போதவில்லை.